அனாமத்துக் கணக்கில் இரண்டு கால்கள்

கணக்குத் தணிக்கை என் தொழில். ஒரு தொகை வந்திருக்கும், எதற்காக வந்தது என்று தெரியாது. வருமானம் என்றும் எழுத முடியாது, கடன் என்றும் எழுத முடியாது. அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். அப்படிப் போடுவதில் தவறே இல்லை. போட்டுவிட்டு வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்காத கம்பெனிகளோடுதான் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

என் இரண்டு கால்களும் 2014 முதல் அனாமத்தில் இருக்கின்றன. புறநரம்பு பாதிப்பு, காரணம் தெரியவில்லை. மருத்துவக் குறிப்பில் 'இடியோபதிக்' என்று எழுதுகிறார்கள். கிரேக்க வேரின்படி 'தனக்கே உரிய நோய்' என்று பொருளாம். எனக்கே உரியது என்பது மட்டும் உண்மை.

இந்தக் கேஸை இதுவரை ஐந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆளுக்கு அரைப் பக்கம். தொடக்கத்திலிருந்து இன்றுவரை ஒரே இடத்தில் ஒருவரும் எழுதவில்லை. என் ஃபைலை வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இங்கே வரும் மருந்தும் அளவும் எனக்கு நடந்தவை, யாருக்கும் எழுதிக் கொடுக்கும் சீட்டு அல்ல.

நோயாளி

பெண். தொடங்கியபோது வயது 51, கடைசிப் பதிவின்போது 61. சர்க்கரை நோய் இல்லை. மது, புகை இல்லை. தைராய்டு, சிறுநீரகம் சரி. புற்றுநோய்ச் சிகிச்சையோ வயிற்றில் அறுவைச் சிகிச்சையோ நடந்ததில்லை. 2012 முதல் இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் மாத்திரை. ஈயம், ஆர்செனிக், கரைப்பான்கள் புழங்கும் இடத்தில் வேலை செய்ததில்லை. என் தொழிலில் அதிகபட்ச ஆபத்து தாளின் விளிம்பு விரலைக் கீறுவதுதான். பல வருடமாக விட்டு விட்டு வறட்டு இருமல். குடும்பத்தில் யாருக்கும் இதுபோல் இல்லை என்று முதல் நாள் சொன்னேன். அந்த ஒரு வரியைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்கம்

2014 நடுவில் ஒரு நாள் இரவு, காலுறையைக் கழற்ற மறந்துவிட்டோமே என்று படுக்கையில் எழுந்து உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். வெறுங்கால்தான். துணி சுற்றியது போன்ற உணர்வு மட்டும் விரல்களில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த சில மாதங்களில் பாதத்தின் அடியில் சுருக்சுருக்கென்று குத்தல். அப்புறம் எரிச்சல். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது, விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். போர்வை பட்டாலே தோல் காந்தும். அதே பாதத்தைக் கிள்ளினால் சரியாகத் தெரியாது. தொட்டால் உணராத இடம் எப்படி இவ்வளவு வலிக்கும் என்பதுதான் எனக்கு முதலில் புரியாத முரண். உணர்வைக் கொண்டுபோக வேண்டிய இழை சேதமானால் அது பேசாமல் இருப்பதில்லை, தானாகவே தாறுமாறாகச் செய்தி அனுப்புகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இரண்டு பாதங்களிலும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் வந்தது. இது முக்கியமான குறிப்பு. முதுகெலும்பில் ஒரு நரம்பு நசுங்கினால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான், அதுவும் ஒரு கோடு போல இறங்கும். இரு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கிக் காலுறை மாதிரி மேலே ஏறுகிறது என்றால் நீளத்தின் பிரச்சினை. பெருவிரலின் உணர்வைக் கொண்டுவரும் இழையின் உயிரணு கீழ்முதுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் வரை சுமார் ஒரு மீட்டர், ஒரே இழை. இழைக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த உயிரணுவில்தான் தயாராகிறது. அதில் ஒரு பகுதி நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில்தான் நகரும். விரல் நுனியைச் சேர ஒரு வருடம்கூட ஆகலாம். வழியில் எது கெட்டாலும் முதலில் பட்டினி கிடப்பது கடைக்கோடிதான். மரத்துப்போவது முழங்கால் உயரத்தை நெருங்கும்போது கைவிரல் நுனிகளில் ஆரம்பிக்கும் என்று சொல்வதும் இதே நீளக் கணக்குதான்.

முதல் மூன்று வருடம்

2015-இல் முதல் மருத்துவர். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரி. பி12 அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 230 பிகோகிராம். ஆய்வகம் போட்டிருந்த எல்லை 200-இலிருந்து தொடங்கியதால் ரிப்போர்ட்டில் 'இயல்பு' என்று வந்தது. "நரம்புக்கு வைட்டமின் தருகிறேன், பார்ப்போம்" என்று எழுதிக் கொடுத்தார். பி வைட்டமின்கள் கலந்த மாத்திரை, தினம் இரண்டு. எப்போது நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2016-இல் இரண்டாவது மருத்துவர் நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்பினார். காலில் மின்முனைகளை ஒட்டி, சின்ன அதிர்ச்சி கொடுத்து, செய்தி எவ்வளவு வேகத்தில், எவ்வளவு வலுவாகப் போகிறது என்று அளக்கும் சோதனை. முடிவு: எல்லாம் இயல்பு. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "உங்கள் நரம்பு நன்றாக இருக்கிறது. வேலையில் டென்ஷன் அதிகமோ?" என்றார். மார்ச் மாதக் கடைசியில் ஒரு தணிக்கையாளரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

அந்த ஒரு வருடம் நானும் மனசுதான் காரணம் என்று நம்பினேன். இந்தக் கேஸில் எனக்கு இன்றும் கோபம் வருகிற இடம் இதுதான். சோதனை பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். நரம்புக் கடத்தல் சோதனை பார்ப்பது தடித்த, உறை போட்ட இழைகளை. அவற்றில் செய்தி விநாடிக்கு 40 முதல் 60 மீட்டர் வேகத்தில் ஓடும். எரிச்சல், வலி, சூடு, குளிர்ச்சியைக் கொண்டுபோவது மெல்லிய இழைகள். உறையே இல்லாத வகையில் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர், நாம் நடக்கும் வேகம். அந்தச் சோதனையின் கண்ணுக்கு அவை தெரியவே தெரியாது. என் புகார் முழுக்க மெல்லிய இழைகளைப் பற்றியது; தணிக்கை நடந்ததோ பக்கத்து அலமாரியில்.

செருப்பு

2017-இல் ஒரு மாலை என் மகளோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். அவள் திடீரென்று நின்று, "அம்மா, ஒரு காலில்தான் செருப்பு இருக்கு" என்றாள். இடது காலில் இல்லை. திரும்பிப் போனோம். முப்பது அடிக்குப் பின்னால், பாதையின் நடுவில் கிடந்தது. எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் அவள்தான் வேறொரு நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள்.

இவர் மூன்றாமவர். முதலில் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. செருப்பையும் காலுறையையும் கழற்றச் சொன்னார். ஒரு மரக்குச்சியின் கூர்முனையால் விரலிலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்து, எங்கே 'கூர்மை' என்று தெரிகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு நின்றுவிட்டது என்றேன். அதே கவையைத் தன் விரலில் வைத்துக்கொண்டு அவர் இன்னும் நேரம் எண்ணிக்கொண்டிருந்தார். பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். ஆடினேன். "முகம் கழுவும்போது தள்ளாடுதா?" என்று கேட்டார். வாஷ்பேசினை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவுகிறேன் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லாம் சேர்த்து 20 நிமிடம். எந்தக் கருவியும் இல்லை. மூன்று வருட ஃபைலில் இல்லாத தகவல் அந்த 20 நிமிடத்தில் வந்தது.

அப்புறம் தோல் துணுக்குச் சோதனை. கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே ஒன்று, தொடையில் ஒன்று. ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம், தையல்கூடத் தேவையில்லை. சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்து, மேல்தோலுக்குள் எத்தனை நரம்பிழைகள் நுழைகின்றன என்று எண்ணுகிறார்கள். தொடையில் எண்ணிக்கை சரியாக இருந்தது, கணுக்காலில் வயதுக்குரிய எல்லைக்குக் கீழே. ஆக, நோய் இருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கெட்ட செய்திக்காக ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த வரவேற்பறை பார்த்திருக்காது.

2018-இல் கடத்தல் சோதனையை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை கெண்டைக்காலின் பின்புறம் இறங்கும் சூரல் நரம்பின் செய்தி வலு குறைந்திருந்தது. வேகம் கிட்டத்தட்ட சரி. கம்பி இழைகள் குறைகின்றன, உறை கெடவில்லை என்று அதற்கு அர்த்தம். உறை கெடும் வகைகளில் சிலவற்றுக்கு நல்ல சிகிச்சை இருப்பதால், இந்தப் பிரிவினை சும்மா பெயர் வைக்கும் வேலை இல்லை.

காரணம் தேடிய கதை

காரணம் தெரியாத புறநரம்பு பாதிப்பு அபூர்வமில்லை. வழக்கமான சோதனைகள் முடிந்த பிறகும் நான்கில் ஒருவர், சில இடங்களில் மூன்றில் ஒருவர், இந்தப் பெட்டியில்தான் விழுகிறார்கள். எங்கிருந்து தேடுவது என்பதற்கு ஓரளவு ஒப்புக்கொண்ட வழி உண்டு. அமெரிக்க நரம்பியல் கழகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரத்தச் சோதனைகளில் அதிகம் பலன் தருபவை என்று மூன்றைச் சொல்கிறார்கள்: சர்க்கரை, பி12-ஓடு அதனுடன் தொடர்புடைய மெதில்மலோனிக் அமிலம், இரத்தப் புரதத்தில் ஒரே அச்சில் வார்த்த, வழக்கத்துக்கு மாறான புரதம் இருக்கிறதா என்ற சோதனை. எனக்கு மூன்றும் செய்தார்கள். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 128. 140 வரை சரி. புரதச் சோதனையில் எதுவும் இல்லை. கண், வாய் வறட்சியோடு வரும் தன்னெதிர்ப்பு நோய்க்கான சோதனை, எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி சி, தாமிரம், எல்லாம் சரி. தொழுநோய்க்குத் தோலில் திட்டுகளும் முழங்கைப் பக்கம் தடித்த நரம்பும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இல்லை.

மெதில்மலோனிக் அமிலமும் இயல்பு. இங்கேதான் நான் தலையில் அடித்துக்கொண்டேன். பி12 உடம்பில் உண்மையிலேயே குறைந்தால் இந்த அமிலம் ஏறும். 230 மாதிரியான இரண்டுங்கெட்டான் அளவில் சந்தேகத்தைத் தீர்ப்பது அதுதான். அதை 2015-இல், மாத்திரை தொடங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடம் வைட்டமின் சாப்பிட்ட பிறகு பார்த்தால் இயல்பாகத்தான் இருக்கும். அன்றைக்குக் குறைபாடு இருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியாது. வவுச்சரைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தணிக்கைக்குக் கூப்பிட்ட கதை.

அந்த மாத்திரை இன்னொரு வேலையும் செய்திருந்தது. பி6 அளவைப் பார்த்தார்கள். எல்லையைத் தாண்டி மேலே போயிருந்தது. மாத்திரை அட்டையை அன்றுதான் திருப்பிப் படித்தேன். ஒன்றில் 100 மி.கி. பைரிடாக்சின், அதாவது பி6. தினம் இரண்டு, மூன்று வருடம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஒன்றரை மி.கி. அளவுதான். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், மிகுந்தாலும் கெடும். தினம் 2 கிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டு நடை தள்ளாடிப்போன ஏழு பேரைப் பற்றிய கட்டுரை 1983-லேயே வெளிவந்தது. அதைவிடக் குறைந்த அளவுகளிலும் நீண்ட நாள் எடுத்தவர்களுக்குப் பாதிப்பு வந்ததாகப் பிறகு தகவல்கள் சேர்ந்தன. பாதுகாப்பான உச்ச அளவு எது என்பதில் இன்னும் ஒற்றுமை இல்லை: அமெரிக்காவில் 100 மி.கி., ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 மி.கி.க்குக் கொண்டுவந்தது. நரம்புக்கென்று விற்கும் மாத்திரையே நரம்பைக் கெடுக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அட்டை இருந்தால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்தினோம். காரணம் பிடிபட்டுவிட்டது என்று நாலு மாதம் நிம்மதியாக இருந்தேன். குத்தல் ஓரளவு குறைந்ததும் உண்மை. ஆனால் என் தொழில் புத்தி விடவில்லை. முதல் அறிகுறி 2014. முதல் மாத்திரை 2015. செலவுக்குப் பின் தேதியிட்ட ரசீதை நான் எந்தக் கம்பெனியிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் தேதிகளைப் பார்த்து, "நெருப்பில் எண்ணெய் ஊற்றியிருக்கலாம், நெருப்பு வைத்தது அது இல்லை" என்றார். பி6 இயல்புக்கு வந்து ஒரு வருடம் ஆன பிறகும் கோடு மெதுவாக மேலே ஏறியதால் அவர் சொன்னதுதான் சரி.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை

1981-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பீட்டர் டிக் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவும் ஒரு வேலை செய்தார்கள். காரணம் தெரியாது என்று அனுப்பப்பட்ட 205 நோயாளிகளை மறுபடி முதலிலிருந்து ஆராய்ந்தார்கள். 76 சதவீதம் பேருக்குக் காரணம் கிடைத்தது. அதில் பெரிய பங்கு பரம்பரை வகை, மொத்தத்தில் 42 சதவீதம். அதிநவீனக் கருவி எதுவும் இல்லை. மரபணுச் சோதனையே வராத காலம். பரம்பரை வகையைப் பிடிக்க முக்கியமாக உதவியது, நோயாளியின் சொந்தக்காரர்களை அழைத்து அவர்களுடைய கால்களைப் பார்த்ததுதான். 'குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்று சொன்னவர்களின் வீட்டில் வளைந்த விரல்களும் உயர்ந்த உள்ளங்கால் வளைவும் கணுக்காலில் செத்துப்போன அனிச்சை வினையும் சாதாரணமாகக் கிடைத்தன. நோயென்று யாரும் நினைக்கவில்லை. 'எங்க வீட்டுக் கால் அப்படித்தான்' என்று விட்டிருந்தார்கள்.

இதைப் படித்த பிறகு என் முதல் நாள் வரி உறுத்த ஆரம்பித்தது. நான் யாருடைய காலையும் பார்த்ததில்லையே! அம்மா கடைசி பத்து வருடம் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். மூட்டுவலி என்று எல்லோரும் முடிவு செய்திருந்தோம். இப்போது கேட்க அவர் இல்லை. பழைய படங்களில் பாதம் தெரியும் படங்களைத் தேடி எடுத்தேன். குடும்பப் படங்களில் யாரும் பாதத்தைப் படம் எடுப்பதில்லை என்பது அன்று தெரிந்தது. மூன்றே மூன்று கிடைத்தன, எதிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "உனக்கு வந்ததுக்கு என்னை எதுக்கும்மா குத்தறாங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே காலைக் காட்டினார். 64 வயதில் அவருடைய கால் என் காலைவிட நன்றாக இருந்தது.

2019-இல் மரபணுத் தொகுப்புச் சோதனை. பத்துக் கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் படித்துவிடுவார்கள். அதில் டிடிஆர் மரபணுவை நான் குறிப்பாகக் கேட்டேன். அது கெட்டால் கல்லீரலில் உண்டாகும் ஒரு புரதம் மடிப்புக் குலைந்து நரம்பிலும் இதயத்திலும் படியும். 1952-இல் கொரினோ டி ஆண்ட்ராடி போர்த்துகலில் விவரித்த நோய். நெடுங்காலம் செய்ய அதிகம் இல்லாமல் இருந்தது. 2018-இல் அந்தப் புரதம் உண்டாவதையே குறைக்கும் பாட்டிசிரான் போன்ற மருந்துகளுக்கு அங்கீகாரம் கிடைத்தது. காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். 2017-இல் அனாமத்தில் இருந்த ஒருவருக்கு அடுத்த வருடமே அது உயிர் விஷயமாகியிருக்கலாம்.

எனக்கு டிடிஆர் சரி. ஆனால் வேறொரு மரபணுவில் ஒரு மாற்றம், 'பொருள் இன்னும் தெளிவாகாதது' என்ற குறிப்போடு. தேடப்போன இடத்தில் இன்னோர் அனாமத்து. அண்ணனுக்கும் அதே இடத்தைப் பார்த்தார்கள். அவருக்கும் அந்த மாற்றம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் நன்றாக நடக்கிறார் என்பதால் அதன்மேல் சந்தேகம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

இருமல்

மரபணுச் சோதனை என்றால் எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வழக்கமான தொகுப்பு எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிக்கும். ஒரே சொல் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அச்சாகியிருந்தால் தவறவிட்டுவிடும். 2019-இல் ஆர்எஃப்சி1 என்ற மரபணுவில் அப்படி ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. நடைத் தள்ளாட்டமும் உணர்வு நரம்புச் சேதமும் சேர்ந்து வரும் ஒரு நோய்க்கு அது காரணம். 2021-இல் வந்த ஆய்வுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது: காரணம் தெரியாத உணர்வு நரம்பு பாதிப்பு உள்ள 125 பேரில் 43 பேருக்கு, அதாவது 34 சதவீதத்தினருக்கு, இந்தப் பிழை இருந்தது. இன்னொன்றும் படித்தேன். இவர்களில் பலருக்கு, நரம்புத் தொல்லை வருவதற்குப் பல வருடம் முன்பே, விடாத வறட்டு இருமல் தொடங்கிவிடும்.

என் ஃபைலின் முதல் பக்கத்தில் இருமல் இருக்கிறது. ஐந்து மருத்துவர்களில் ஒருவரும் அதைக் காலோடு சேர்க்கவில்லை. இரண்டையும் இந்த மரபணுவோடு சேர்க்க 2019-க்கு முன் வழியும் இல்லை. அந்த இரவு தூங்கவில்லை, எரிச்சலால் இல்லை.

2022-இல் அந்தச் சோதனையைத் தனியாகச் செய்தார்கள். இல்லை என்று வந்தது. அப்படியானால் இருமல்? என் மாத்திரைப் பட்டியலைப் பார்த்த ஐந்தாவது மருத்துவர், "எனலாப்ரில் எத்தனை வருஷமா?" என்றார். அந்த வகை இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு வறட்டு இருமல் நன்கு தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையை மாற்றினார், மூன்று வாரத்தில் இருமல் நின்றது. கால்களைத் தேடிப்போய்ப் பத்து வருட இருமலைக் குணமாக்கிக்கொண்டு வந்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. எனக்கு இல்லை என்பதால் அந்தக் கேள்வி வீண் இல்லை. 2016-இல் உலகின் மிகச் சிறந்த மருத்துவர் என்னைப் பார்த்திருந்தாலும் இந்தச் சோதனையைக் கேட்டிருக்க முடியாது. அதே வருடம் 'காரணம் தெரியாது' என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட, உண்மையிலேயே இந்தப் பிழை உள்ள ஒருவர், ஃபைலைத் திறக்காவிட்டால் இன்றும் அனாமத்தில்தான் இருப்பார்.

வலியும் மருந்தும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த மருந்துகள் வலியைக் குறைக்கும். மரத்துப்போனதைத் திருப்பித் தராது. எனக்கு முதலில் பிரிகாபலின் கொடுத்தார்கள். வலி கொஞ்சம் குறைந்தது, எடை கூடியது, கூட்டல் வரிசையில் எண்கள் நழுவ ஆரம்பித்தன. என் வேலைக்கு அது ஆகாது. 2021-இல், காரணம் தெரியாத நரம்பு வலி உள்ள 402 பேரிடம் நான்கு மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. எங்களைப் போன்றவர்களையே வைத்துச் செய்த ஆய்வு. எந்த மருந்தும் அபாரமாக ஜெயிக்கவில்லை. நார்ட்ரிப்டிலினும் டுலாக்செட்டினும் மற்ற இரண்டைவிட முன்னால் நின்றன. ஆனால் டுலாக்செட்டினில்கூட 12 வாரத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு மேல் நிறுத்திவிட்டார்கள். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது; மருந்தோடு ஒத்துப்போகாதது என் குற்றமில்லை. இப்போது டுலாக்செட்டின் 60 மி.கி. இரவில் ஐந்து மணி நேரம் தூங்குகிறேன்.

ஒரு கட்டத்தில், இரத்த நாளம் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) வேண்டும் என்று நானே கேட்டேன். எங்கோ பலன் கிடைத்ததாகப் படித்திருந்தேன். காரணம் தெரியாத மெல்லிழை நரம்பு பாதிப்பு உள்ள 60 பேரிடம் அதைச் சோதித்து, வெறும் திரவத்தைவிட மேலாக இல்லை என்று 2021-இல் வெளியானதை டாக்டர் எடுத்துக் காட்டினார். வற்புறுத்தவில்லை.

அன்றாடம்

கண்தான் இப்போது என் கால். இருட்டில் தரை எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லாது, அதனால் படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரு சின்ன விளக்கு எப்போதும் எரிகிறது. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்ப்பதில்லை, முழங்கையால் பார்க்கிறேன். 2020-இல் அதைச் செய்யாமல் ஒரு கொப்புளம் வாங்கி, ஆற ஏழு வாரம் ஆனது. காலணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே போடுகிறேன். உள்ளே கிடந்த ஒரு பேனா மூடியோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறேன். தினமும் இரவு ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். கார் ஓட்டுவதை 2021-இல் விட்டேன். பிரேக்கின் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிவந்த அன்றே சாவியை மகளிடம் கொடுத்துவிட்டேன். அதற்காக அழுதது உண்டு. நோய்க்காகக்கூட அவ்வளவு அழவில்லை.

ஒற்றைக் காலில் நிற்பது, குதிகால்-விரல் நேர்க்கோட்டில் நடப்பது எனச் சமநிலைப் பயிற்சி வாரத்தில் நாலு நாள். அதனால் நரம்பு வளர்ந்ததா என்று தெரியாது. விழுவது குறைந்தது, அதை எண்ணி வைத்திருக்கிறேன்: 2020-இல் ஐந்து முறை, 2023-இல் ஒரு முறை.

சொல்லப்போனால் உடம்பைவிடச் சலிப்பு தந்தது விசாரிப்புதான். "என்ன காரணமாம்?" என்பார்கள். தெரியவில்லையாம் என்றால் முகம் மாறும். நான் எதையோ மறைக்கிறேன், அல்லது நல்ல டாக்டரைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம், "கணக்கு இன்னும் முடியலை" என்கிறேன். ஏனோ அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேட்பதில்லை.

கடைசிப் பதிவு

வருடத்துக்கு ஒரு முறை, செப்டம்பரில், ஃபைலைத் திறக்கிறோம். ஐந்தாவது மருத்துவரோடு அப்படி ஓர் ஒப்பந்தம். சர்க்கரையும் புரதச் சோதனையும் ஒவ்வொரு முறையும் மறுபடி. இரண்டும் பின்னால் மாறக்கூடியவை. போன தடவைக்குப் பின் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது எதுவும் என் கதைக்குப் பொருந்துகிறதா என்று அவர் பார்க்கிறார். இடையில் தசை வேகமாகத் தளர்ந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் மோசமானாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ செப்டம்பருக்காகக் காத்திருக்கக்கூடாது என்று முதல் தாளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

2024-இல் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.9. முன்நீரிழிவு எல்லையான 5.7-ஐத் தாண்டிவிட்டது. இதுதான் காரணமா என்று கேட்டேன். முன்நீரிழிவு நரம்பைக் கெடுக்குமா என்பதில் மருத்துவர்களிடையே வாதம் இருக்கிறது என்றார். அதோடு, 2018-இல் சரியாக இருந்த சர்க்கரை 2014-க்குப் பொறுப்பாகாது. மறுபடியும் தேதி இடிக்கிறது. நடைப்பயிற்சியைக் கூட்டச் சொன்னார். அது எப்படியும் நல்லது. கணக்கை மாற்றி எழுதவில்லை.

குறிப்பில் வழக்கம்போல 'இடியோபதிக்' என்று எழுதப் போனார். நான் ஒரு திருத்தம் கேட்டேன். சிரித்துக்கொண்டே அடித்துவிட்டு எழுதினார்: 'காரணம்: செப்டம்பர் 2024 வரை தெரியவில்லை.' அதற்குக் கீழே அன்றைய அளவுகள். கூர்முனை உணர்வு: இரு கெண்டைக்கால்களின் நடுவரை இல்லை. கைவிரல்கள்: இயல்பு. இசைக்கவை: பெருவிரலில் இல்லை, கணுக்காலில் 5 விநாடி, சென்ற வருடம் 6.